முன்சக்கரம் என் விருப்பம், பின்சக்கரம் அவர் விருப்பம்

தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது தன் கியர் சைக்கிளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு வாய்க்கால் கரையோடு போனால் குறுக்குவழி. அதனால் சைக்கிளை நான் எடுத்துக்கொண்டேன். வெயில் அடித்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. சம்பா நடவு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை, தேய்ந்த முன்டயர் களிமண்ணில் வழுக்கி, கைப்பை, சாப்பாட்டு டப்பா சகிதம் வாய்க்காலுக்குள் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள்.

"குளிக்கப் போறேன்னு சொல்லியிருந்தா சோப்பு கொண்டாந்திருப்போமே டீச்சர்!" என்றாள் ஒருத்தி. எனக்கே சிரிப்பு தாங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை கணவரும் நானும் டயர் வாங்கத் தஞ்சாவூர் போனோம். கடைச் சுவர் முழுக்க டயர்கள் தொங்கின. அவர் நேராகப் போய், மேல்புறத்துப் புடைப்புகள், அதாவது பட்டன்கள், நெருக்கமாக இருந்த கெட்டி டயர் ஒன்றைத் தட்டிப் பார்த்தார்.

"இதை வாங்கு. வருஷக்கணக்கா உழைக்கும்."

"உழைக்கும்ங்க. ஆனா சேறு இந்த இடுக்கெல்லாம் அடைச்சுக்கிட்டா மறுபடியும் மொழுமொழுன்னு ஆயிடுமே?"

நான் எடுத்ததில் பட்டன்கள் உயரமாக, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளியோடு இருந்தன. அவர் அதை நகத்தால் அழுத்தினார்.

"மெத்துன்னு இருக்கு. தார் ரோட்டுல சீக்கிரம் தேஞ்சுடும்."

அதுவும் நிஜம்தான். கரை முடிந்தால் பள்ளிக்கூடம் வரை தார் ரோடு. நாங்கள் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே நின்றோம். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆளுக்கொண்ணு எடுத்துக்கங்களேன்" என்றார்.

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கோ சட்டென்று பொறி தட்டியது. அன்று முதலில் வழுக்கியது முன்சக்கரம். என் பாரத்தைத் தாங்கிச் சீக்கிரம் தேய்வது பின்சக்கரம்.

"முன்னாடிக்கு இது, பின்னாடிக்கு அது. அப்படிப் போடலாமாங்க?"

"தாராளமா போடலாம். நெறைய பேர் அப்படித்தான் போடுறாங்க" என்றார் கடைக்காரர். கணவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது.

திங்கட்கிழமையும் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. சேற்றில் பிடிப்பு கிடைக்க டயர்களில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டுக் கரையில் ஏறினேன். முன்டயர் சேற்றைக் கவ்விப் பிடித்தது; ஒட்டியதைக் கட்டிகட்டியாக உதறித் தள்ளியது. பின்சக்கரம் ஓரிடத்தில் இடுப்பை ஆட்டிப் பார்த்துவிட்டு ஒழுங்காகப் பின்னால் வந்தது. மூக்குக்கண்ணாடியெல்லாம் சேறு. யாரும் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு கூச்சல் போட்டேன். வயலிலிருந்து கொக்குகள் கூட்டமாக எழும்பிப் பறந்தன.

ஞாயிற்றுக்கிழமை, "டயர்ல காத்து சரியா இருக்கான்னு ஒரு ரவுண்டு பாத்துட்டு வரேன்" என்று கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தோசை ஆறிப்போன பிறகுதான் திரும்பினார். முதுகு முழுக்கச் சேறு, முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏம்மா, நமக்கு இன்னொரு சைக்கிள் வாங்கினா என்ன?"

"வாங்கலாம்ங்க. முதல்ல கால் கழுவிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அவருக்குச் சூடாக ஒரு தோசை ஊற்றப் போனேன்.