மழைக்கு முன்பே வந்த ஆறு

கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறேன். தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து, தேதியிட்டு நோட்டில் எழுதுவது என் நெடுநாள் வழக்கம். அதையும் ஆற்றின் நீர்மட்டப் பதிவையும் வைத்துத்தான் கோமுகி ஆற்று வெள்ளத்தை முன்கூட்டியே சொல்லும் கணினி நிரல் ஒன்றை என் மகள் உருவாக்கியிருந்தாள். முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு இடம் கிடைப்பது அதை நம்பியே இருந்தது. நேர்காணலுக்கு முதல் நாள் கணினியிலிருந்து நிமிர்ந்தாள்.

"இன்னாப்பா, உன் நோட்டுப்படி மழைக்கு முன்னாடியே ஆத்துல தண்ணி வந்துக்கினு இருக்குது?"

ஜன்னலுக்கு வெளியே மலை மேகத்தில் மிதந்துகொண்டிருந்தது. மாலையில் பெய்த மழையை மறுநாள் அளந்து, அளந்த தேதியிலேயே எழுதியிருக்கிறேன்.

"தேதியில புலின்னு பீத்திக்கினியே" என்று சிரித்தபடி எல்லா மழையையும் முந்தைய நாளுக்கு மாற்றினாள். இடம் கிடைத்தது.

இப்போது மழை தொடங்கும்போதே வாசலுக்கு வந்து நேரம் குறிக்கிறேன். இத்தனை வருடமும் நான் பார்த்தது மழைமானியில் தேங்கிய தண்ணீரைத்தான்.