அம்புசாமிக்கு ஒரு வெள்ளிக் கை

காலை ஆறு இருபதுக்குக் காட்பாடியில் சித்தூர் பேருந்து ஏறினோம். முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். என் மடியில் ஒரு பொட்டலம். அதற்குள் வெள்ளித் தகட்டில் செய்த சின்னக் கை. போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்து என் வலது மணிக்கட்டு நொறுங்கியபோது என் மனைவி லூர்து நேர்ந்துகொண்டது. அதில் எனக்கு எரிச்சல் இல்லை. ஆனால் கோயில்களுக்குப் புனிதர்களின் சுரூபம் செய்வது என் தொழில். எங்கள் பங்குக் கோயிலில் நிற்கும் புனித செபஸ்தியாரே என் கைவேலைதான். அவரை விட்டுவிட்டு, ஆந்திராவில் என் பழைய கூட்டாளி ஜேசு செய்த செபஸ்தியாரிடம் போய் என் கைக்காக மன்றாடியிருக்கிறாள். ஜேசுவும் நானும் ஒரே பட்டறையில் களிமண் பிசைந்தவர்கள்.

"நம்ம கோயில்ல இருக்கறவரு கேக்கமாட்டாரா?" என்றேன்.

"கேப்பாரு. அங்க போனா மனசு வருது, வேண்டிக்கினேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏழே முக்காலுக்குச் சித்தூர். இட்லி சாப்பிட்டுவிட்டு, கங்காதர நெல்லூர் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் தலைக்கு முப்பது ரூபாய்.

"அம்புசாமி கோயிலா? ஏறுங்கண்ணா. எங்க வூட்லயும் போய்க்கினுதான் இருக்காங்க. நாங்க இந்துங்க, இருந்தா இன்னா?" என்றார் ஓட்டுநர்.

எனக்கு வயிறு எரிந்தது. என் செபஸ்தியாருக்கு எந்த ஆட்டோக்காரரும் செல்லப் பெயர் வைத்ததில்லை.

ஒன்பது மணி. கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே சின்னக் கோயில். மரத்தில் கட்டுண்டு, உடம்பில் ஐந்து அம்புகளோடு ஜேசுவின் செபஸ்தியார். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், கிடைத்தது. இடது கை வலதைவிட ஓர் அங்குலம் குட்டை. மனசு குளிர்ந்தது. பிறகு முகத்தைப் பார்த்தேன். அத்தனை வலியிலும் எதிரே நிற்பவரிடம் 'உனக்கு என்னப்பா ஆச்சு?' என்று கேட்கிற முகம். என்னுடையவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

லூர்து வெள்ளிக் கையைக் காணிக்கையாகக் கட்டிவிட்டு, நான் சுரூபக்காரன் என்று கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் சொல்லிவிட்டாள். அவர் உடனே என்னைச் சுரூபத்தருகே இழுத்துப்போனார்.

"கொஞ்சம் சூடண்டி, இந்த முட்டியப் பாருங்க. ஜனங்க தொட்டுக்கினே இருக்காங்க. வருசத்துக்கு ரெண்டு தபா பூசறோம், நிக்கல."

முழங்காலில் வர்ணமே இல்லை. உள்ளிருக்கும் வெள்ளைப் பூச்சு தெரிந்தது.

மட்டமாகப் பூசிவிட்டு வந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தது உண்மை. ஆனால் தேறிய கையைச் சோதித்துப் பார்க்கும் ஆசை ஜெயித்தது. அவர் எடுத்துவந்த வர்ண டப்பாக்களில் தோல் நிறம் கலந்து, சுற்றியிருந்த நிறத்தோடு ஒட்டும்படி பூசினேன். கை நடுங்கவில்லை. காய்வதற்குள் ஒரு பெண் வந்து முழங்காலைத் தொட்டு, அதே விரலால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் கலந்த வர்ணம் அவள் நெற்றியில் ஒட்டியிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குக் காட்பாடி. லூர்துவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எங்கள் கோயிலுக்குப் போனேன். குனிந்து என் செபஸ்தியாரின் முழங்காலைப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷமாகியும் வைத்த வர்ணம் வைத்தபடி இருந்தது. இத்தனை நாளும் அதைத்தான் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.