இரண்டு பேரும் உண்மை சொன்னபோது

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் மாரியாயியின் தம்பி பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "அக்கா விடியக்காலையில போயிட்டாங்க சேர்" என்றார். சிறுநீரக நோய் முற்றிவிட்டது என்று எனக்கு முன்பே தெரியும். மறுநாள் இறுதிச் சடங்குக்காக அவருடைய ஊரான மடுல்சீமைக்குப் போனேன். மழையில் மண் சரிந்திருந்ததால் பஸ் பாதியில் நின்றுவிட்டது, மிச்சத்தை நடந்தேன். எங்களோடு வேலை செய்த பலருக்குச் செய்தியே எட்டவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஊவா மாகாணத்துக்குத் தொலைபேசிப் பொறியியலாளராக வந்தபோது, மாரியாயி எங்கள் அலுவலகத்தில் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் ஒப்பரேட்டர். தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாயின் மகள். வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரியாகக் கணிதப் பட்டம் எடுத்திருந்தார். அழைப்புகளைத் தாமே இணைக்கும் புதிய டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் வந்து ஒப்பரேட்டர்களுக்கு வேலை குறைந்ததும், அவரைத் தொழில்நுட்பப் பிரிவுக்கு மாற்றினார்கள். வார இறுதிகளில் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய்க் கணினியியல் படித்து வந்தார். திங்கட்கிழமை காலையில் கண் சிவந்திருக்கும். வேலையில் பிழை இருக்காது.

சொற்களை அவர் வாசிக்கும் விதம் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. சுற்றறிக்கை வந்தால் 'அல்லது' எங்கே, 'மற்றும்' எங்கே என்று பென்சிலால் வட்டம் போடுவார். ஒருநாள் காரணம் கேட்டேன். பிரஜாவுரிமைக்கான படிவமொன்றில் இரண்டு பத்திரங்களில் ஒன்று போதும் என்றிருந்ததை, இரண்டும் வேண்டும் என்று ஓர் எழுத்தர் வாசித்துவிட்டாராம். அதனால் மாரியாயியின் அப்பாவின் விண்ணப்பம் பல வருடங்கள் கிடப்பில் கிடந்ததாம். "ஒரு வார்த்தைதாங்க சேர். அதுக்குள்ள அப்பாவுக்கு வயசாயிருச்சு" என்றார். யாழ்ப்பாணத்தானான எனக்குப் பிரஜாவுரிமை பற்றிய கவலை வாழ்க்கையில் வந்ததே இல்லை. அதன் பிறகு நான் சிரிக்கவில்லை.

கொழும்பில் அவர் படித்தவற்றில் ஒன்று, முறைசார் விவரிப்பு. ஓர் இயந்திரம் என்ன செய்யவேண்டும் என்பதைப் பேச்சுமொழியில் விடாமல், கணிதக் குறியீடுகளில் ஐயமற எழுதும் முறை. அழைப்பை வேறு எண்ணுக்கு மாற்றுவது, வெளியூர் அழைப்பைப் பூட்டுவது என்று புதிய எக்ஸ்சேஞ்ச் கொடுத்த வசதிகள் ஒவ்வொன்றையும் அவர் அப்படி எழுதத் தொடங்கினார். ஒரு வசதி வேலை செய்யுமுன் எது உண்மையாக இருக்கவேண்டும், செய்தபின் எது உண்மையாகும் என்று இரண்டு வரி. பிறகு இரண்டிரண்டாக வசதிகளைச் சேர்த்து, அவை ஒன்றோடொன்று முட்டும் நிலை ஏதும் உண்டா என்று பார்ப்பார். அது அவருடைய படிப்புக்கான வேலை, அலுவலகத்துக்குப் பயன்படாது என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

அவர் அப்படி எழுதத் தொடங்கிய வருடம் ஒரு ஞாயிறு மத்தியானம், மலைத்தோட்டம் ஒன்றில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தது. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர், தோட்டத்து மருத்துவ நிலையமான மருந்தகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப முயன்றார். கடைசியில் கொழுந்து லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டு போனார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

தோட்டம் கொதித்தது. விடுமுறை நாட்களில் மருந்தகத்துக்கு வரும் அழைப்புகளைத் தான் குடியிருக்கும் குவார்ட்டர்ஸுக்கு மாற்றிவிடுவது, தோட்டத்தார் டாக்டரையா என்று அழைக்கும் வைத்திய உதவியாளரின் வழக்கம். அன்றும் மாற்றியிருந்ததாகவும், தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்ததாகவும், மணி அடிக்கவே இல்லை என்றும் அவர் சொன்னார். கிளாக்கரோ மணிச் சத்தத்தைத் தன் காதால் கேட்டதாகச் சத்தியம் செய்தார். ஒருவர் பொய் சொல்கிறார் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். தொழிற்சங்கம் வைத்திய உதவியாளரை வேலையிலிருந்து நீக்கக் கேட்டது. எங்களிடம் அறிக்கை கேட்டார்கள். எல்லா வசதிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு, "குறைபாடு எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அதை அனுப்புமுன் மாரியாயி என் மேசைக்கு வந்தார். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார். எனக்கு எரிச்சல் வந்தது.

"எல்லாத்தையும் சோதிச்சாச்சு. ஒவ்வொண்டும் ஒழுங்காய்த்தான் வேலை செய்யுது. இனி என்ன பார்க்கக் கிடக்கு?"

"ஒவ்வொண்ணும் சரிதாங்க சேர். ரெண்டும் சேர்ந்தா சரியான்னு யாரும் கேக்கலையே" என்றார். "அவங்க ரெண்டு பேருமே உண்மை சொல்றாங்கன்னு வச்சுக்குவோம். அப்ப என்ன நடந்திருக்கணும்னு நான் எழுதிப் பாத்தேன்."

அவர் நீட்டிய தாளில் இருந்தது இதுதான். குவார்ட்டர்ஸ் மலையின் மறுபக்கம். அதன் தொலைபேசி வேறொரு எக்ஸ்சேஞ்சைச் சேர்ந்தது. ஆகவே மாற்றிவிடப்படும் அழைப்பு, மருந்தகத்திலிருந்து வெளியூருக்குப் போகும் அழைப்பாகவே கொள்ளப்படும். அந்த வாரம்தான் தோட்ட நிர்வாகத்தின் வேண்டுகோளின்படி மருந்தகத்தின் வெளியூர் அழைப்புகளை நாங்கள் பூட்டியிருந்தோம். மாற்றும் வசதி அழைப்பை ஏற்றுக்கொண்டு, அழைத்தவருக்கு மணியொலியைக் கொடுத்துவிட்டது. பூட்டும் வசதி அதே அழைப்பை மேலே போகவிடாமல் நிறுத்திவிட்டது. அழைத்தவர் காதில் மணி. உலகத்தில் எந்தத் தொலைபேசியும் அடிக்கவில்லை. குறியீடுகளின் கீழே தமிழில், "இந்த நிலை வரலாம்" என்று எழுதியிருந்தார்.

நான் நம்பவில்லை. அடுத்த நாள் மருந்தகத்தின் அழைப்புகளை அன்றுபோலவே மாற்றி வைத்துவிட்டு, அவரே மலையேறி அந்தக் குவார்ட்டர்ஸுக்குப் போனார். குறித்த நேரத்தில் மருந்தகத்தின் எண்ணை நான் அழைத்தேன். மணி தெளிவாகக் கேட்டது. ஐந்து நிமிடம் காதில் வைத்திருந்தேன். பிறகு வைத்தேன். உடனே அங்கிருந்து அவர் பேசினார்.

"இங்க அடிக்கவே இல்லைங்க சேர். உங்களுக்கு?"

"கேட்டது" என்றேன்.

பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். வைத்திய உதவியாளரின் வேலை தப்பியது. எல்லா எக்ஸ்சேஞ்சுகளிலும் அந்தச் சேர்க்கை நிறுத்தப்பட்டது. அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். மாரியாயி நினைக்கவில்லை. அந்தத் தாயிடம் யார் சொல்வது என்று கேட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு அவள் குடியிருந்த லயத்துக்குப் போனார். கணிதம் எதுவும் பேசவில்லை. கிளாக்கரையா கூப்பிட்டார், டாக்டரையா காத்திருந்தார், நடுவில் நாங்கள் வைத்த இரண்டு ஏற்பாடுகள் ஒன்றையொன்று தடுத்துவிட்டன, பிழை எங்களுடையது என்று சொன்னார்.

அந்தப் பெண், "அப்ப எங்களுக்காகக் கூப்பிட்டாங்கதானா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. விடாம கூப்பிட்டாங்க" என்றார் மாரியாயி.

அவள் அப்போதுதான் அழுதாள். மாரியாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்றேன்.

அடுத்த சில வருடங்களில் இப்படி முட்டிக்கொள்ளும் வேறு சில வசதிச் சோடிகளையும் அவர் கண்டுபிடித்தார், அவற்றால் யாருக்கும் கேடு வருமுன்பே. அவரைப் பாராட்டி ஒரு கடிதம் வந்தது. பதவி உயர்வு வரவில்லை. நான் கோபப்பட்டேன், அவர் படவில்லை. தன் முறையையும் அவர் பெரிதுபடுத்தியதில்லை. "நாம எழுதாததை அது கண்டுபிடிக்காதுங்க சேர்" என்பார். பிடிவாதக்காரர்தான். ஒரு வரிக்காகக் கூட்டத்தை முழுநாளும் நிறுத்தி வைத்திருக்கிறார். அவரோடு வேலை செய்தவர்களுக்கு அந்தக் களைப்பு நினைவிருக்கும். அவர் நிறுத்திய வரிகளில் எத்தனை சரியாக இருந்தன என்பதும் நினைவிருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு நான் குடியிருக்கும் இடத்தில், பிணக்குத் தீர்க்க ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பார். யார் பொய்யர் என்று என் மனம் முதலிலேயே தீர்ப்பு எழுதிவிடும். அப்போது ஒரு வெற்றுத் தாளை எடுத்து, இரண்டு பேரும் உண்மை சொல்வதாக வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்வதை அருகருகே எழுதுகிறேன். அதிகம் இல்லை, ஒரு தாள், அரை மணித்தியாலம். மாரியாயியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அரை மணித்தியாலம்.