அப்பாவின் தலை

ஆரணியில் யாரைக் கேட்டாலும் என் தங்கை கவிநிலாவைப் பட்டுக்கு டிசைன் போடுகிற அக்கா என்பார்கள். நல்ல பேர்தான். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. அவள் படிக்க ஆசைப்பட்டது சிற்பம்.

1994இல் சென்னையில், ஓவியமும் சிற்பமும் சொல்லிக்கொடுக்கும் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் வருஷம் எல்லாருக்கும் எல்லாப் பாடமும் உண்டு. இரண்டாம் வருஷம் தொடங்கும்போதுதான் ஓவியமா, சிற்பமா, துணி டிசைனா என்று ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். சிற்பம் கேட்பவர்கள் களிமண்ணில் ஒரு மனிதத் தலை செய்து காட்ட வேண்டுமாம். கவி அப்பாவை வரச் சொன்னாள்.

அப்பா பலராமன் எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைத்தவர். சோற்றில் கை வைத்த பிறகும் எழுந்து போய் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிற ஆள். அவர் மகளுக்காகப் பகல் முழுக்க ஆடாமல் அசையாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்! அவருக்கு ஒரு காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவு கட்டி ஒன்று உண்டு. கவி அதையும் விடாமல் செய்திருந்தாள். பேராசிரியர் தலையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"காதுக்குப் பின்னாலயும் பாத்திருக்கியே. சிற்பமே எழுதிக் குடும்மா" என்றார்.

மார்க் போட்டதும் அந்தத் தலைகளை உடைத்துத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். அடுத்து வருகிற பிள்ளைகளுக்கு அதே மண்தான். கட்டைச் சுத்தியலை எடுத்த கவிக்குக் கை வரவில்லை. அப்பா சிரித்துவிட்டார்.

"குடும்மா இப்படி. எந்தலைய நானே ஒடைக்கிறேன்!"

ஒரே போடு. ஊருக்கு வந்து டீக்கடை டீக்கடையாக இதைச் சொல்லிச் சிரித்தார். கேட்டவர்களும் சிரித்தார்கள்.

அந்த மாதமே, கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டையை விற்றுவிட்டு டி.வி.எஸ். வண்டியில் திரும்பியவரை ஒரு வேன் அடித்துப் போட்டது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அடி தலையில்தான்.

எங்கள் பெரியப்பா சடையன் பிணத்தின் பக்கத்திலேயே ஆரம்பித்தார். "உயிரோட இருக்கற மனுசனுக்குத் தல செஞ்சு எவனாவது ஒடைப்பானா?" டீக்கடையில் சிரித்த அதே ஆட்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மனுஷ ஜென்மங்களா இவர்கள்!

அம்மா ராணியம்மாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். காரியம் முடிந்து கவி கல்லூரிக்குக் கிளம்பும்போது வாசலை மறித்தாள்.

"இன்னொரு தபா மண்ணுல கைய வெச்சன்னு வையி, என்னையும் தூக்கிப் போட்டுட்டுப் போ."

"வேன்காரன் குடிச்சிட்டு ஓட்னான்மா! களிமண்ணு என்னா பண்ணும்?" என்று நான் கத்தினேன்.

"உனக்கென்னாடி, வேங்கிக்கால் ஆபீசுல ஃபேனுக்கு அடியில ஒக்காந்துக்கினு பேசுவ. இவதான பக்கத்துல இருந்தா? வேணாம்பான்னு ஒரு வார்த்த சொன்னாளா, கேளு!"

கவி என்னைப் பார்க்கவில்லை. "சொல்லலம்மா" என்றாள்.

போய்த் துணி டிசைன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு மண்ணைத் தொடவே இல்லை. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார் வாங்கினால்கூட நான்தான் தூக்கிக்கொண்டு வருவேன்.

2006இல் சர்க்கரை முற்றி அம்மாவுக்கு இரண்டு கண்ணும் போயின. பௌர்ணமிக்கு ஊருக்கு வந்திருந்த கவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா கொரலு வருதுடி, மொகம் வர மாட்டேங்குது. போட்டோவத் தடவுனா கண்ணாடிதான் கையில படுது. ஒரு தல செஞ்சு குடேன். தொட்டுப் பாக்கறேன்."

பதினோரு வருஷம் கழித்தா! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அம்மாவை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்தக் கண்ணைப் பார்த்ததும் வாய் வரவில்லை. கவி ஏரிக்குப் போய் மண் எடுத்து வந்தாள்.

அப்பா போட்டோவை எதிரில் வைத்துக்கொண்டு செய்தாள். பிடிக்காமல் கலைத்தாள், மறுபடி செய்தாள். பழைய கை இல்லை. போட்டோவிலும் முன்பக்கம் மட்டும்தானே இருக்கிறது. கடைசியில் அம்மாவைக் கூட்டி வந்து உட்காரவைத்தோம்.

அம்மா நெற்றியைத் தடவினாள். "ஆங்… மூக்கு அவருதுதான். மீசையும்." முகம் மலர்ந்தது. விரல்கள் ஒரு காதுக்குப் பின்னால் போயின. பிறகு அடுத்த காதுக்கு.

"அந்தக் கட்டி எங்கடி?"

கவி வெளிறிப் போனாள். அவசரமாக ஒரு கிள்ளு மண் எடுத்து உருட்டினாள்.

"எந்தக் காதும்மா?"

அம்மா வலது கையைத் தூக்கினாள். இறக்கிவிட்டு இடது கையைத் தூக்கினாள்.

"எண்ணெ தேச்சி உடுவனே… இந்தப் பக்கமா… இல்லடி, அவரு எதுத்தாப்புல ஒக்காந்திருப்பாரு…" என் பக்கம் திரும்பினாள். "அன்பு, நீ சொல்லேன்டி."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா வந்தார். வெயிலுக்கு இரண்டு காதும் மறையத் துண்டைக் கட்டிக்கொண்டு டி.வி.எஸ்.ஸில் வந்தார்.

"சொல்லுக்கா" என்றாள் கவி, மண்ணை விரலில் வைத்துக்கொண்டு.

எனக்கும் தெரியவில்லை.