லாரிக்குப் பின்னால் விட்ட இடம்

நம் நாலுவழிச் சாலையில் வேகத்தை நூறாக்கிப் புது போர்டு வைத்துவிட்டார்கள். இன்று திருவாரூரில் ஒரு நிச்சயதார்த்தம்; காரில் கிளம்பினோம். போர்டைப் பார்த்ததும் எனக்குக் கால் துறுதுறுத்தது.

பக்கத்தில் இருந்த மனைவி ஸ்டெல்லா, "நூறுன்னு போட்டா நூறுலயேதான் போகணுமா? முன்னாடி லாரி போகுது, கொஞ்சம் இடம் விடுங்க" என்றாள்.

விட்டேன். உடனே ஒரு கார் நடுவில் புகுந்து, லாரியையும் முந்திக்கொண்டு போனது.

"பாத்தியா? இடம் விட்டா எவனாவது நுழைஞ்சிடுறான்!"

"நுழைஞ்சா நுழையட்டும். மறுபடி விடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே விட்டேன்.

சம்பா அறுத்த வயல்களுக்கு நடுவே லாரி திடீரென்று பிரேக் போட்டது. நானும் போட்டேன். கார் குலுங்கி, லாரிக்கு நன்றாகத் தள்ளியே நின்றது.

அப்புறம்தான் பார்த்தேன். வாத்துகள்!

ஒரு வயலில் சிந்திக் கிடந்த நெல்லை மேய்ந்து முடித்த மொத்தக் கூட்டமும், எதிர்ப்பக்கத்து வயலுக்குப் போகச் சாலையில் ஏறியிருந்தது. லாரிக்கு முன்னால் இடம் கொள்ளாமல், வாத்துகள் பின்னால் நான் விட்ட இடத்திலும் புகுந்து, என் பம்பரை உரசிக்கொண்டு ஓடின.

ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. ஒவ்வொருவராக இன்ஜினை அணைத்தார்கள். அத்தனை பெரிய சாலையில் வாத்துச் சத்தம் மட்டும். கோலோடு நடந்த வாத்துக்காரர் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னாள்: "இடம் விட்டா எவனாவது நுழைஞ்சிடுறான்னீங்களே. நுழைஞ்சாச்சு."

நண்பர்களே, நூறில் போகும்போது நீங்கள் விடுகிற இடத்தில் எத்தனை வாத்து நடக்கும்?