தானமாக வந்த டிரிப்ஸ் பாட்டில்கள்

முள் குத்தினால் கத்துகிற ஆள் இல்லை வெயிலம்மாள். புதூர்ப் பக்கத்துக் காடுகளில் ஆடு மேய்த்தவர். வேலிக்கருவை முள்ளைப் பல்லால் கடித்துப் பிடுங்கித் துப்பிவிட்டு ஆட்டைத் திட்டப் போய்விடுவார். கிராம நர்ஸான என்னையே, "நீ போடுத ஊசி என் தோலுக்குள்ள எறங்குமா நர்ஸம்மா?" என்று கேட்டவர். முழங்கால் தேய்ந்து ஆட்டின் பின்னால் நடக்க முடியாமல் போனதும், இருந்த கரிசல் துண்டில் எலுமிச்சைக் கன்று ஊன்றினார். அவை பிழைத்தால்தான் இனி அவருக்குக் கஞ்சி.

எங்கள் பக்கம் தண்ணீர் இல்லாதது கோவில்பட்டித் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கும் தெரிந்திருக்கிறது. நோயாளிகளுக்கு ஏற்றி முடித்த டிரிப்ஸ் பாட்டில்களைக் குழாயோடு மூட்டை கட்டி வேனில் கொண்டுவந்தார்கள். தண்ணீர் ஊற்றிக் கன்றுக்குப் பக்கத்தில் கட்டினால் சொட்டுச் சொட்டாக இறங்குமாம். பேனர் பிடித்துப் போட்டோ வேறு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பாட்டிலும் குழாயும் சிவப்புப் பையில் போக வேண்டும், ஊசி தனி டப்பாவில் போக வேண்டும், இரண்டையும் கழிவு வண்டிக்காரர்தான் எடுக்க வேண்டும். நேற்றைக்கு நர்ஸிங் சேர்ந்த பிள்ளைக்கும் இது தெரியும். வண்டிச் செலவை மிச்சம் பிடிக்க எங்கள் ஊரைக் குப்பைத்தொட்டி ஆக்கிவிட்டார்கள், பாவிகள்.

நான் அன்றைக்கு வேறு ஊரில் தடுப்பூசி முகாமில் இருந்தேன். மறுநாள் போனால், வெயிலம்மாளின் உள்ளங்கையில் மண் அப்பியிருக்கிறது.

"என்னக்கா இது?"

"கொழாய உருவும்போது நுனியில கெடந்த ஊசி ஏறிட்டு. மண்ண வச்சு அமுக்கிட்டேன். கருவ முள்ளு ஏறாத கையா இது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முள்ளுல அடுத்தவன் ரத்தம் இருக்காதுக்கா. இது யாரு ஒடம்புல ஏறுன ஊசியோ. கெளம்புங்க மொதல்ல."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். எய்ட்ஸ் தொற்றாமல் இருக்க டாக்டர் உடனே மாத்திரை ஆரம்பித்தார், மஞ்சள் காமாலைக்கும் ஊசி போட்டார். அந்த ஊசி எந்த நோயாளியுடையது என்று தெரிந்தால் நல்லது, கேட்டுப் பாருங்கள் என்றார்.

ஊரில் மிச்சம் கிடந்ததையெல்லாம் கையுறை போட்டு, இடுக்கியால் பொறுக்கி, மூடியுள்ள பெயிண்ட் வாளிகளில் அடைத்தேன். அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வெயிலம்மாள் வழியெல்லாம் வாந்தி எடுத்தார்.

மேனேஜர் சண்முகராஜ் முகம் கொடுத்தே பேசவில்லை. "நாங்க குடுத்தது புது பாட்டிலும்மா. பழசெல்லாம் ரூல்ஸ்படி வண்டியில ஏத்தி விட்டுருதோம்."

வெயிலம்மாள் வாளியை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். "புதுசுன்னா கைய விட்டு ஒண்ணே ஒண்ணு எடுங்க சார், பாப்போம்."

அந்த ஆள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "ஏலே திருப்பதி, கிளவுஸ் போட்டுட்டு வா. இதுல ஊசி கெடக்கு."

"ஒங்க கைக்குக் கிளவுஸு வேணும். எங்க கைக்கு வேண்டாமோ?"

அந்த ஆள் வாளிக்குப் பக்கத்தில் கிடந்த ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரி, சண்டை போட வரலை. எனக்குள்ள ஏறுனது யாரோட ஊசி? அத மட்டும் சொல்லுங்க, போயிருதேன்."

அந்த ஆள் சொன்னார், "எல்லாம் ஒண்ணாக் கலந்து கெடந்ததும்மா. யாரோடதுன்னு எங்களுக்கே தெரியாது."

புகார் எழுதிப் போட்டிருக்கிறேன். விட மாட்டேன். ரத்தப் பரிசோதனை முழுதாக முடிய மாதக்கணக்கில் ஆகும். போன வாரம் வெயிலம்மாளின் மகள் காவியா கைப்பிள்ளையோடு வந்திருந்தாள். பிள்ளை தாவியது. வெயிலம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"தூக்குங்கக்கா. தூக்குனா ஒட்டாது," என்றேன்.

"ஆஸ்பத்திரி வச்சிருக்கவனுக்கே தெரியலைங்கான். ஒனக்கு மட்டும் எப்படித் தெரியும் நர்ஸம்மா?"