போட்டோ இல்லாத பேனர்

இன்று திருப்போரூர் ஃப்ளெக்ஸ் கடையில் எங்கள் பெண்கள் குழுவுக்குப் பேனர் டிசைன் தயாரானது. ‘மனைவியை அடிப்பது வீரம் இல்லை’ என்பதுதான் வாசகம்.

விஷயம் தெரிந்து எங்கள் தெரு அண்ணன்கள் மூன்று பேர், கூலிங் கிளாஸ் போட்ட படங்களோடு கடைக்கே வந்துவிட்டார்கள்.

“கீழ எங்க போட்டோவ போடும்மா. ஆதரவு குடுக்கறோம் இல்ல?”

காதுகுத்து பேனருக்கே கீழே அந்தப் போட்டோ வரிசை உண்டு. இதற்கு மட்டும் மறுக்க முடியுமா?

“தாராளமா போடலாண்ணா. படத்துக்கு மேல ‘நாங்கள் மனைவியை அடித்ததே இல்லை’னு ஒரு வரி வரும். அண்ணிங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு பிரிண்டுக்கு குடுக்கறேன்.”

“அவள இன்னாத்துக்கு கேக்கணும்?” என்று ஒருவர் வண்டியைக் கிளப்பினார்.

இன்னொருவருக்கு அவசரமாக ஃபோன் வந்தது. மணியடித்த சத்தம் மட்டும் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

மூன்றாவது அண்ணன் நின்று நிதானமாக யோசித்தார். பிறகு என் காதருகில் வந்து கேட்டார்:

“ஏம்மா, ‘இப்போல்லாம் அடிக்கறதில்ல’னு போட்டுக்கலாமா?”

பேனரின் கீழ்ப்பகுதி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இடம் வேண்டுகிற ஆண்கள் கமென்ட்டில் சொல்லலாம். படம் மட்டும் போதாது, வீட்டுக்காரம்மாவையும் டேக் செய்யவும்.